தொட்டித் திலாப்பியாவில் சிவப்புப் புண்: வேப்பிலை அவித்து ஊற்றியும் சாகின்றன

நீர்வேலிக் கமக்காரன் | திங்கள், காலை 6.40

வாழையும் புகையிலையும் செய்துகொண்டிருந்தவன் நான். மீன் வளர்ப்புக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. பழைய மாட்டுக்கொட்டில் நின்ற இடத்தில் 20 அடி நீளம், 10 அடி அகலத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டினேன். தண்ணீர் மூன்றரை அடி நிற்கும். கிணற்றுத் தண்ணீர். 700 திலாப்பியா விட்டிருக்கிறேன், ஒன்று சராசரி 100 கிராம் வரும்.

கடந்த வியாழன் ஒன்பது மீன் செத்து மிதந்தன. வெள்ளி 11, சனி 14. எடுத்துப் பார்த்தேன். செட்டையின் அடியில் இரத்தம் கண்டியது போலச் சிவப்பு. சிலவற்றின் விலாவில் ரூபாக் குற்றி அளவில் புண். இரண்டு மீனுக்கு வயிறு ஊதி, செதில்கள் அன்னாசித் தோல் போல நிமிர்ந்திருந்தன.

"அம்மாள் வருத்தத்துக்கு வேப்பிலையில் படுக்க வைக்கிறோம், மீனுக்கு மட்டும் ஆகாதா?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஞாயிறு பின்னேரம் இரண்டு சாக்கு வேப்பிலையைக் கிடாரத்தில் அவித்து, ஆறவைத்து, அப்படியே தொட்டிக்குள் ஊற்றினேன். இன்று விடியப் பார்த்தால் 43 மீன் மிதக்கின்றன. இன்னும் கூட்டி ஊற்ற வேண்டுமா? வேறு இலை ஏதும் இருக்கிறதா?

மூலிகைத்தோட்டம் | திங்கள், காலை 7.15

வேப்பிலை தனியே போதாது அண்ணா. மஞ்சள், உள்ளி (வெள்ளைப்பூண்டு), குப்பைமேனி மூன்றையும் சேர்த்து எட்டிலொன்றாகக் குறுக்கிக் குடிநீர் வைத்து ஊற்றிப் பாருங்கள். புண்ணுக்குக் குப்பைமேனியும் மஞ்சளும் கைகண்ட மருந்து. கைதடியில் எங்கள் வீட்டு வேலியோரம் முழுக்கக் குப்பைமேனிதான், வந்தால் ஒரு சாக்கு பிடுங்கித் தருகிறேன்.

மருதனார்மடச் சந்தை | திங்கள், காலை 7.22

அந்த 43 மீனும் இப்போது எங்கே? இன்று மீன் வாங்கப் போகிறேன், அதனால் கேட்கிறேன்.

நீர்வேலிக் கமக்காரன் | திங்கள், காலை 7.30

வாழைக்கு அடியில், இரண்டடி ஆழத்தில் கிடக்கின்றன. பயப்படாமல் வாங்குங்கள்.

நுணுக்குக்காட்டி | திங்கள், காலை 8.05

ஐயா, தயவுசெய்து இன்று எந்த இலையையும் ஊற்றாதீர்கள். நான் கடற்றொழில் விஞ்ஞானம் படித்தவள். இறுதி வருட ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டதே இலைச் சாறும் மீன் பற்றீரியாவும்தான். எனவே மூலிகைக்கு விரோதமாகப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம்.

சனிக்கிழமை செத்த 14 மீனும் நோயால் செத்திருக்கலாம். இன்று செத்த 43இல் பெரும்பகுதி உங்கள் கிடாரத்தால் செத்தது என்றே நினைக்கிறேன். இரண்டு சாக்கு இலையின் சாறு தண்ணீருக்குள் போனால், அங்குள்ள சாதாரண நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. அவை அதைச் சிதைக்கும்போது ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும். தொட்டியில் ஒட்சிசன் மிகக் குறைந்து நிற்பது விடியற்புறம்தான். அதோடு, வேம்பிலுள்ள அசாடிராக்டின் போன்ற பொருட்கள் அளவு மீறினால் மீனுக்கே நஞ்சு.

நான்கு கேள்விகள். காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றனவா? ஒரு நாளைக்கு எவ்வளவு தீன் போடுகிறீர்கள்? கடைசியாகத் தண்ணீர் மாற்றியது எப்போது? எந்த மீனாவது கண் பிதுங்கிச் சுழன்று சுழன்று நீந்துகிறதா?

நீர்வேலிக் கமக்காரன் | திங்கள், காலை 8.50

பிள்ளை, நீ நேரில் நின்று பார்த்ததுபோலக் கேட்கிறாய். ஐந்தரைக்குப் போனபோது தொட்டியின் மூலையில் எல்லா மீனும் குவிந்து, வாயை மேலே வைத்து வாங்கிக்கொண்டு நின்றன. தண்ணீர் வெறுந்தேநீர் நிறத்தில் இருந்தது. தீன் நாளுக்கு மூன்று கிலோ. மூன்று வாரமாகத் தண்ணீர் மாற்றவில்லை. மோட்டர் பழுதாகிக் கிடந்தது. கண் பிதுங்கியதையோ சுழன்று நீந்தியதையோ காணவில்லை. மருமகன் சோதனைத் தாள் வைத்திருந்தான், காரத்தன்மை (pH) எட்டரை காட்டியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை நகரில் ஒரு கடையில் கேட்டபோது கோழிக்குக் கொடுக்கும் மஞ்சள் தூள் ஒன்றைத் தந்தார்கள். ஒட்சிரெட்ராசைக்கிளின் என்று எழுதியிருக்கிறது. தண்ணீரில் கலக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கெற் கலந்தேன், ஒரு மாற்றமும் இல்லை.

நுணுக்குக்காட்டி | திங்கள், காலை 9.40

முதலில் அந்தத் தூளைப் பற்றிச் சொல்கிறேன். அது ஒரு அன்ரிபயோற்றிக், பற்றீரியாவைக் கொல்லும் மருந்து. நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல்சியமும் அதன் தம்பி மக்னீசியமும் இந்த மருந்தைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். கடினத் தண்ணீரில் கரைத்தால் மீனுக்குள் போய்ச் சேருவது சொற்பம். ஆனால் அந்தச் சொற்பம், தொட்டியிலுள்ள பற்றீரியாக்களுக்கு மருந்தைத் தாங்கிப் பழகப் போதும். அதைத் தந்தவர் எந்த நோய், எத்தனை மீன், எத்தனை லீற்றர் என்று ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். மருந்து போட்ட மீனைக் குறிப்பிட்ட நாட்கள் விற்கவும் கூடாது. அதையும் சொல்லியிருக்க மாட்டார்.

அடையாளங்களைப் பார்த்தால் ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்ற பற்றீரியா போலத் தெரிகிறது. ஆய்கூடத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் உறுதி. கண் பிதுங்கிச் சுழன்றிருந்தால் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற வேறு பற்றீரியாவைச் சந்தேகப்பட்டிருப்பேன். ஏரோமோனாஸ் எங்கிருந்தும் வந்து சேர்ந்ததல்ல, எந்த நன்னீரிலும் எப்போதும் இருப்பதுதான். மீன் தளரும் வரை காத்திருக்கும்.

உங்கள் மீனைத் தளர்த்தியது, தீனிலும் கழிவிலும் இருந்து வரும் அமோனியா. அதில் மீனைக் கொல்லும் பங்கு தண்ணீரின் காரத்தன்மையோடு ஏறும். 28 பாகை செல்சியசில், காரத்தன்மை 7.5 என்றால் சுமார் 2 வீதம் நஞ்சு வடிவில் இருக்கும். 8.5 என்றால் சுமார் 18 வீதம். அதே தீன், அதே கழிவு, ஒன்பது மடங்கு நஞ்சு. எழுபது கிலோ மீனுக்கு நாளுக்கு மூன்று கிலோ தீன் போட்டு, மூன்று வாரம் தண்ணீரும் மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இன்று செய்ய வேண்டியது: தீனை இரண்டு நாள் நிறுத்துங்கள். பாதித் தண்ணீரை இறக்கி, அடியில் படிந்த ஊத்தையையும் உறிஞ்சி எடுங்கள். புதுத் தண்ணீரை விடும்போது குழாயை உயர்த்திப் பிடித்து விழ விடுங்கள். கிணற்றின் அடித் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, விழும்போதுதான் ஏறும். பிறகு லீற்றருக்கு இரண்டு கிராம் வீதம் உப்பு. ஆனையிறவு உப்பே போதும், அயடீன் சேர்த்த கறி உப்பு வேண்டாம். உங்கள் தொட்டி சுமார் 20,000 லீற்றர், ஆகவே 40 கிலோ. ஒரே தடவையில் கொட்டாமல் நான்கு தடவையாகக் கரைத்து ஊற்றுங்கள்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். திலாப்பியாவின் முதுகு முள் குத்திய இடத்தால் இந்தப் பற்றீரியா மனிதருக்குள்ளும் போகும்.

மூலிகைத்தோட்டம் | திங்கள், பிற்பகல் 1.10

தண்ணீர், உப்பு எல்லாம் சரி தங்கச்சி. ஆனால் மூலிகை என்றாலே கை கழுவிவிடும் படித்தவர்களின் வழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. 2008இல் தாய்லாந்தில் கொய்யா இலையைத் தீனில் கலந்து, இதே ஏரோமோனாசுக்கு எதிராகத் திலாப்பியாவில் சோதித்துப் பலன் கண்டார்கள். தமிழ்நாட்டிலும் துளசி இலைச் சாறு திலாப்பியாவின் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறது என்று 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். ஆய்கூடத்தில் பற்றீரியாவைக் கொல்லும் சாறு தொட்டியில் மட்டும் ஏன் கொல்லாது? விளங்கவில்லை.

நுணுக்குக்காட்டி | திங்கள், இரவு 8.30

அண்ணா, அந்தக் கேள்விக்காகத்தான் ஒரு வருடம் செலவழித்தேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொய்யா இலையைப் பறித்து, கழுவி, நிழலில் காயவைத்து, அரைத்து, மெதனோலில் இரண்டு நாள் ஊறவைத்தேன். வடித்து ஆவியாக்கினால் கடைசியில் குடுவையின் அடியில் நிற்பது தார் போன்ற ஒரு கரும்பச்சைப் பசை. அதைத் திரும்ப மெதனோலில் கரைத்துச் சிறிய வட்டுத்தாளில் சொட்டுவிட்டு, பற்றீரியா தடவிய ஏகார் என்ற கூழ்த் தட்டில் வைப்போம். மறுநாள் தாளைச் சுற்றிப் பற்றீரியா வளராத தெளிவான வளையம் இருந்தால் சாறு வேலை செய்கிறது என்று அர்த்தம். முதல் நாள் எனக்கு 14 மில்லிமீற்றர் வளையம் வந்தது. துள்ளிக் குதித்தேன். பிறகு பார்த்தால், சாறே இல்லாமல் மெதனோல் மட்டும் சொட்டிய தாளைச் சுற்றியும் 11 மில்லிமீற்றர்! தாளை நன்றாக உலர விடாமல் வைத்துவிட்டேன். இலையின் பெயரில் மெதனோல் கொன்றுகொண்டிருந்தது. திரும்பச் செய்தபோது கொய்யாவுக்கு வளையம் உண்மையாகவே வந்தது, ஆனால் சிறியதாக. வளையத்தின் படத்தை மட்டும் முகநூலில் போட்டு மருந்து விற்பவர்களைக் கண்டால் எனக்கு அந்த 11 மில்லிமீற்றர்தான் நினைவுக்கு வரும்.

சரி, வளையம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பற்றீரியாவை அடக்க ஒரு மில்லிலீற்றருக்கு 2 மில்லிகிராம் சாறு தேவை என்று வையுங்கள். சுத்திகரிக்காத இலைச் சாறுகள் பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில்தான் நிற்கும், அன்ரிபயோற்றிக் மருந்துகள் அதன் ஆயிரத்தில் ஒரு பங்கில் நிற்கும். அப்படியானால் 20,000 லீற்றர் தொட்டிக்கு உலர்ந்த சாறு மட்டும் 40 கிலோ வேண்டும். பத்துக் கிலோ காய்ந்த இலையிலிருந்து ஒரு கிலோ சாறு கிடைத்தால், காய்ந்த இலை 400 கிலோ. பச்சை இலை என்றால் அதன் மூன்று மடங்குக்குக் குறையாது. நீர்வேலி, கோப்பாய், உரும்பிராய் எல்லாவற்றிலும் உள்ள கொய்யா மரங்களை மொட்டையடிக்க வேண்டும். அதைத் தொட்டியில் ஊற்றினால் பற்றீரியாவுக்கு முன்னர் மீன் செத்துவிடும்.

இப்போது நீங்கள் சொன்ன தாய்லாந்து ஆய்வைத் திரும்பப் பாருங்கள். "தீனில் கலந்து" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரில் ஊற்றவில்லை. இதே போல 2009இல் ஸ்கொட்லாந்தில் ரெயின்போ ட்ரவுட் மீனுக்கு உள்ளியைத் தீனில் கலந்து கொடுத்தார்கள். 100 கிராம் தீனுக்கு அதிகபட்சம் ஒரு கிராம் உள்ளி, 14 நாட்கள். அதன் பிறகுதான் ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலாவை ஏற்றினார்கள். உள்ளி தின்னாத கூட்டத்தில் 88 வீதம் செத்தது. தின்றவற்றில் சாவு 4 வீதம் வரை இறங்கியது.

"அதன் பிறகுதான்" என்ற சொல்லைக் கவனியுங்கள். உள்ளி அங்கே பற்றீரியாவைத் தேடிப் பிடித்துக் கொல்லவில்லை. வெண்குருதிக் கலங்கள் போன்ற மீனின் சொந்தக் காவலாளிகளை முன்கூட்டியே உசுப்பி வைத்தது. செதில் நிமிர்ந்த மீன் தீன் பக்கமே வராது. வராத மீனுக்கு உள்ளி எப்படிப் போய்ச் சேரும்?

வடதுருவத்தான் | செவ்வாய், அதிகாலை 2.15

நான் 1980களின் கடைசியில் வட நோர்வேயில், ஃபின்மார்க் பக்கம் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவன். நம்மவர்கள் பலர் இங்கே வந்த புதிதில் அங்கேதான் கத்தி பிடித்தார்கள். அப்போது சால்மன் பண்ணைகளில் மருந்து கொட்டாத நாள் இல்லை. 1987இல் மட்டும் சுமார் 50 தொன் அன்ரிபயோற்றிக் போனது. இப்போது சால்மன் உற்பத்தி அன்றையதைவிடப் பல மடங்கு பெருகியிருக்கிறது, மருந்தோ வருடத்துக்கு ஒரு தொன்கூட இல்லை. காரணம் இலையும் இல்லை, வேரும் இல்லை. தடுப்பூசி. ஒவ்வொரு குஞ்சுக்கும் வயிற்றில் ஒரு ஊசி.

உங்கள் ஏரோமோனாசின் உறவுக்காரன் ஏரோமோனாஸ் சால்மோனிசிடா இங்கே பண்ணை பண்ணையாகத் தின்றது. அதையே ஊசியால் அடக்கிவிட்டார்கள். இலங்கையில் ஏன் செய்ய முடியாது?

நுணுக்குக்காட்டி | செவ்வாய், காலை 7.00

நல்ல கேள்வி. ஹைட்ரோபிலா ஒரு குடும்பம் இல்லை, ஒரு ஊர். ஒரு குளத்தில் எடுத்த வகைக்குச் செய்த ஊசி அடுத்த குளத்து வகைக்குப் பிடிக்காமல் போகலாம். கிலோ கணக்கில் நல்ல விலை போகும் சால்மனுக்கு ஆளுக்கொரு ஊசி கட்டுப்படியாகும். 700 திலாப்பியாவுக்கு ஐயா ஊசி போட்டால் ஊசியின் விலையில் வாழைத்தோட்டம் போய்விடும். அதனால்தான் இந்தப் பக்கத்து நாடுகளில் தீனில் கலக்கும் மூலிகைகளை இவ்வளவு பேர் ஆராய்கிறார்கள்.

பாசையூர்க் கரைவலை | செவ்வாய், காலை 9.20

இலை என்றால் பாதகம் இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. எண்ணெய் முழுக்குக்குத் தலையில் தேய்க்கிறோமே இலுப்பைப் பிண்ணாக்கு, குளத்தில் குஞ்சு விடுவதற்கு முன் களை மீன்களைக் கொல்ல அதைத்தான் போடுவார்கள். ஒரு மீற்றர் ஆழமான குளத்துக்கு ஹெக்ரேயருக்கு 2,500 கிலோ, அதாவது லீற்றருக்கு 250 மில்லிகிராம். ஒரு மீன் மிஞ்சாது. அதில் நுரைக்கும் சபோனின் செவுள் வழியாகப் போய்ச் செங்குருதிக் கலங்களை உடைத்துவிடும். நஞ்சு இறங்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அதன் பிறகு அதே பிண்ணாக்கு குளத்துக்கு உரம். தலைக்குக் குளிர்ச்சி, மீனுக்குக் கொள்ளி.

என் கேள்வி வேறு. எங்கள் பக்கம் கடலட்டைப் பண்ணையில் தோலில் வெள்ளைப் புண் வருகிறது. அதற்கும் உள்ளியா?

நுணுக்குக்காட்டி | செவ்வாய், காலை 9.45

கடலட்டை மணலைத் தின்னும் பிராணி அண்ணா, உருண்டைத் தீன் தின்னாது. வேலி கட்டிய திறந்த கடலில் மருந்தும் நிற்காது. வேறு இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம். இப்போதைக்குப் புண் கண்ட அட்டையைப் பிரித்தெடுங்கள், நெருக்கத்தைக் குறையுங்கள்.

மூலிகைத்தோட்டம் | செவ்வாய், இரவு 9.05

நேற்று எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை. இன்று முழுக்க யோசித்தேன். எங்கள் முறையில் மருந்து தனியே போவதில்லை. தேனோ நெய்யோ பாலோ ஒரு அனுபானம் வேண்டும். அனுபானம் மாறினால் அதே மருந்தின் வேலையே மாறிவிடும். மீனுக்குத் தீன்தான் அனுபானம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இரண்டு நாள் தீன் நிறுத்தச் சொன்னதும் பத்தியம்தானே? இதை முதலிலேயே எங்கள் சொல்லில் சொல்லியிருந்தால் நான் சண்டைக்கு வந்திருக்க மாட்டேன்.

மஞ்சளை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நுணுக்குக்காட்டி | செவ்வாய், இரவு 9.30

அனுபானம்! அண்ணா, இந்தச் சொல்லை என் ஆய்வறிக்கையில் எழுதாமல் போனேனே.

மஞ்சளை விடவில்லை. குர்குமின் தண்ணீரில் கரையாது, தொட்டியில் போட்டால் சுவர்தான் மஞ்சளாகும். தீனில் எண்ணெயோடு கலந்தால் பயன் உண்டு. ஆனால் 2020இல் மஞ்சள் விற்ற விலையை நினைத்தால் மீனுக்குக் கொடுக்க இன்னும் மனம் வரவில்லை.

உள்ளி முறையை எழுதிவிடுகிறேன். அவிக்கக் கூடாது. உள்ளிப் பல்லை நசுக்கும்போதுதான் அதிலுள்ள நொதியம் அல்லிசினை உண்டாக்குகிறது. முழுப் பல்லை அவித்தால் நொதியம் செத்துவிடும், அல்லிசின் உண்டாகாது. அம்மியில் நசுக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் குழைத்துத் தீனில் பிசறி, சுளகில் நிழலில் உலர்த்தி, அன்றைக்கே போட்டு முடியுங்கள். அல்லிசின் நாள் கடந்தால் நிற்காது. ஒரு கிலோ தீனுக்கு ஐந்து முதல் பத்துக் கிராம் உள்ளி போதும். கூடப் போட்டால் கூடப் பலன் என்று நினைத்துவிடாதீர்கள்.

நீர்வேலிக் கமக்காரன் | அடுத்த திங்கள், மாலை 5.30

கணக்கு எழுதி வைத்தேன். தண்ணீர் மாற்றி உப்புப் போட்ட மறுநாள் செவ்வாய் 21 மீன். புதன் 12, வியாழன் 6, வெள்ளி 4, சனி 1. நேற்றும் இன்றும் ஒன்றும் இல்லை. எஞ்சியது 579. ஒரு சொட்டு மூலிகையும் போடவில்லை என்பதை மூலிகைத்தோட்டம் தம்பிக்கு மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன். தீனை இரண்டு கிலோவுக்குள் நிறுத்திவிட்டேன்.

இனி உள்ளியைத் தொடங்கலாமா? வாடைக்காற்று தொடங்கித் தண்ணீர் குளிர முன்னர் மீனைத் தயார் செய்ய விருப்பம்.

நுணுக்குக்காட்டி | அடுத்த திங்கள், இரவு 7.15

தொடங்குங்கள் ஐயா. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒன்றாகப் போட்டால், நாளைக்கு மீன் நன்றாக இருப்பது உள்ளியாலா தண்ணீராலா என்று உங்களுக்கே தெரியாது. ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி இரண்டு கிடைக்குமா? ஒவ்வொன்றிலும் 60 மீன், காற்றுக்குழாய், ஒரே தீன். ஒன்றுக்கு மட்டும் உள்ளி.

நீர்வேலிக் கமக்காரன் | இரண்டு நாள் கழித்து, காலை 6.20

தாங்கி இரண்டும் வேலைக்கு வந்துவிட்டன. 60 மீன் ஆறு கிலோ, நாளுக்கு 180 கிராம் தீன், அதற்கு உள்ளி 1.8 கிராம். வீட்டுத் தராசில் அது அசையவே இல்லை. மைத்துனரின் நகைப்பட்டறையிலிருந்து தங்கம் நிறுக்கும் தராசு வந்திருக்கிறது. "மீனுக்குத் தாலி செய்கிறீர்களா?" என்று கேட்டுத் தந்தார்.

மருதனார்மடச் சந்தை | இரண்டு நாள் கழித்து, காலை 6.50

உள்ளி தின்ற மீனைக் குழம்பு வைக்கும்போது தனியே உள்ளி போட வேண்டுமா?

நுணுக்குக்காட்டி | இரண்டு நாள் கழித்து, காலை 8.10

போட வேண்டும்.

ஐயா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இரண்டு தாங்கியிலும் செத்த மீனை எடுக்க எத்தனை கைவலை வைத்திருக்கிறீர்கள்?

நீர்வேலிக் கமக்காரன் | இரண்டு நாள் கழித்து, காலை 8.25

ஒன்று. பெரிய தொட்டிக்கும் அதே வலைதான். கடை திறக்கட்டும், இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு வருகிறேன்.